யாருடைய அமைப்பு? – அமெரிக்க நலவுரிமை இயக்கம், 1966–1975

கறுப்பின மக்களின் விடுதலைப் போராட்டம் பற்றித் தமிழில் நாம் கொஞ்சம் பேசித்தான் இருக்கிறோம். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், கருஞ்சிறுத்தைகள், ஏஞ்சலா டேவிஸ் ஆகிய பெயர்கள் சிற்றிதழ் வாசகர்களுக்குப் புதியவையல்ல. தொண்ணூறுகளில் தலித் இலக்கியம் குறித்த விவாதம் சூடுபிடித்தபோது கறுப்பிலக்கியத்தை ஒருமுறையாவது துணைக்கழைக்காத கட்டுரையைக் காண்பது அரிது. என்றாலும் இந்த வரவில் ஒருவகை ஆள் மட்டும் நம்மிடம் வந்து சேரவேயில்லை. பருத்திக்காட்டில் வளர்ந்து, நகரத்து லாண்டரியில் இஸ்திரி போட்டு, உடம்புக்கு முடியாமல் போனபின் அரசு கொடுக்கும் உதவிப் பணத்தில் பிள்ளைகளை வளர்த்த பெண் அவள். கவிதை எழுதியவளில்லை, துப்பாக்கி தூக்கியவளுமில்லை. படிவம் நிரப்பியவள், வரிசையில் நின்றவள், பிறகு ஒருநாள் அதே அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றவள். இப்படிப்பட்ட பெண்கள் சேர்ந்து 1967இல் தேசிய அளவில் ஓர் அமைப்பைக் கட்டினார்கள். தேசிய நலவுரிமை அமைப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1975இல் அது கடன்பட்டு மூடப்பட்டது.

இக்கட்டுரை அதன் வரலாறு. ஆனால் இந்த வரலாற்றில் எனக்கொரு குறிப்பான அக்கறை உண்டு. நன்கொடையில் நடக்கிற, லாபம் பாராத, சம்பள ஊழியர்களைக் கொண்ட ஓர் அமைப்பு பொருளாதார நீதிக்காகவும் இனநீதிக்காகவும் வேலை செய்கிறது என்றால் அந்த வேலையை யார் தலைமையேற்று நடத்துவது? பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுகிறவரா, பாதிக்கப்பட்டவரா? நம்மூரில் இது வேறு வடிவத்தில் அடிபட்ட கேள்விதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தொண்டு நிறுவனங்கள் பற்றி இடதுசாரிகள் நடத்திய விவாதங்களைப் பழைய இதழ்களில் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அந்நியப் பணம் என்ற ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம், சரி. வந்த பணத்துக்குக் கணக்கு யாரிடம் சொல்லப்பட்டது என்ற கேள்வியை அதே அழுத்தத்தோடு கேட்டோமா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

1968 பிப்ரவரியில் சிகாகோ நகரில் ஒரு கூட்டம் நடந்தது. கிங் அப்போது ஏழை மக்கள் இயக்கம் என்ற பெயரில், எல்லா இனத்து ஏழைகளையும் வாஷிங்டனுக்குத் திரட்டிச்செல்லும் ஏற்பாட்டில் இருந்தார். ஏழைகளைத் திரட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே திரண்டிருக்கும் தங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபம் நலவுரிமை அமைப்பின் பெண்களுக்கு. கிங் நேரில் வந்து பேச வேண்டியதாயிற்று. வந்தவரை அவர்கள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள்: பொதுச்சட்டம் 90–248 பற்றி உங்கள் நிலை என்ன? கிங்குக்கு அப்படியொரு சட்டம் இருப்பது தெரியவில்லை. கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அமைப்பின் தலைவர் ஜானி டில்மன், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாமே என்ற பொருளில் நறுக்கென்று ஒரு வார்த்தை சொன்னார். நலவுதவி பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்று கிங் ஒப்புக்கொண்டார். நோபல் பரிசு வாங்கி மூன்றாண்டு கழிந்திருந்த மனிதர். ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் போயிருந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 12 அன்னையர் தினத்தில் அந்தப் பெண்கள் வாஷிங்டனில் நடத்திய பேரணிக்கு முன்னே நடந்தவர் அவருடைய துணைவி கொரெட்டா ஸ்காட் கிங்.

இந்தச் சம்பவத்தைக் கிங்கின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் உண்டு. பணிவு இருக்கட்டும். என் வாசிப்பில் இங்கே முக்கியமானது அந்தச் சட்டத்தின் எண். அந்த எண் தெரிந்தவர்கள் ஒருபக்கமும் தெரியாதவர்கள் மறுபக்கமுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். படிப்பு, புகழ், பிரசங்கம் எல்லாம் தெரியாதவர் பக்கம்.

சட்டம் என்ன சொன்னது? அதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். ரூஸ்வெல்ட் காலத்தில், 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு முதியோர் காப்பீடு. தகப்பன் துணையில்லாத பிள்ளைகளுக்குத் தனியே ஓர் உதவித் திட்டம். காப்பீட்டிலிருந்து இரண்டு தொழில்கள் விலக்கப்பட்டன: விவசாயக் கூலி, வீட்டுவேலை. தென்மாநிலத்துக் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் செய்த வேலைகள் இவைதாம். சட்டத்தில் இனம் என்ற பேச்சே கிடையாது, தேடினாலும் கிடைக்காது. சாதி என்ற சொல்லே வராமல் சாதியைக் காப்பாற்றுகிற விதிமுறைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமல்ல. ஆகவே பொருளாதாரம் தனி, இனம் தனி என்று பிரித்துப் பேசுவது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு வசதி. அதற்குள் மாட்டிக்கொண்டவளுக்கு இரண்டும் ஒரே காகிதத்தில்தான் வந்து சேர்ந்தன.

காப்பீடு என்பது உரிமை, மரியாதை. பிள்ளைகளுக்கான உதவி என்பது தயவு, விசாரணை. இந்த இரட்டைப் பாதை அன்றைக்கே போடப்பட்டுவிட்டது. உதவித் திட்டத்தை நடத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டதால் ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிப்படி விதி செய்துகொண்டது. 1943இல் லூசியானா ஒரு விதி கொண்டுவந்தது: ஏழு வயதும் அதற்கு மேலுமான பிள்ளைகளை உடைய தாய்க்கு வயலில் வேலை இருக்கும் காலமெல்லாம் உதவி கிடையாது. அதாவது பருத்தி எடுக்க ஆள் வேண்டும். 1960இல் அதே லூசியானா, 'தகுதியான வீடு' இல்லை என்று சொல்லி ஏறத்தாழ 23,000 பிள்ளைகளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தது. மணமாகாமல் பிள்ளை பெற்றவள் வீடு தகுதியற்ற வீடு. வடக்கிலும் மேற்கிலும் நிலைமை இதைவிட நாகரிகமானது என்று நினைத்துவிட வேண்டாம். உதவி பெறுகிறவள் வீட்டில் ஆண் யாராவது தங்குகிறானா என்று பார்க்க நள்ளிரவில் கதவைத் தட்டுகிற வழக்கம் அங்கே இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்ப்பார்கள், துணி அலமாரியைத் திறப்பார்கள். கலிஃபோர்னியாவில் அலமீடா கவுண்டியின் நலத்துறை ஊழியர் பென்னி பாரிஷ், 1963இல் இப்படியொரு சோதனைக்குப் போக மறுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நான்காண்டு கழித்து மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதிகாரத்தின் பார்வை பற்றி ஃபூக்கோ வழியாக நாம் பக்கம்பக்கமாக எழுதியிருக்கிறோம். கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடும் டார்ச் லைட்டைவிடத் துல்லியமான உருவகம் அவருக்கும் கிடைத்திருக்காது.

1967இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1968 ஜனவரி 2 அன்று ஜான்சன் கையெழுத்திட்ட 90–248, இந்த ஏற்பாட்டை இன்னும் இறுக்கியது. தகப்பன் விட்டுப்போன பிள்ளைகளுக்கான உதவிக்கு மத்திய நிதியில் உச்சவரம்பு. தாய் வேலைக்கோ பயிற்சிக்கோ போயாக வேண்டும், மறுத்தால் அவள் பங்கு வெட்டு. இந்த மசோதா செனட் நிதிக்குழுவின் முன் இருந்தபோது, 1967 செப்டம்பரில் பெண்கள் சாட்சி சொல்லப் போனார்கள். கேட்க உட்கார்ந்திருந்த செனட்டர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் வரும்வரை அறையைவிட்டு நகர மாட்டோம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். குழுத்தலைவர் ரசல் லாங் அவர்களைக் குட்டி போடுவதற்கென்றே வளர்க்கப்படும் பெட்டைக் குதிரைகளோடு ஒப்பிட்டுப் பேசினார். அவர் எந்த மாநிலத்துக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை, லூசியானாதான்.

சரி, இந்த அமைப்பு எப்படி உருவாயிற்று? பொதுவாகச் சொல்லப்படும் கதை ஜார்ஜ் வைலியில் தொடங்குகிறது. 1931இல் பிறந்தவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. இனச்சமத்துவப் பேரவை என்ற குடியுரிமை அமைப்பில் சேர்ந்து அதன் தேசிய அளவிலான இரண்டாம் இடம்வரை வந்தார். தலைமைப் பதவிக்கான போட்டியில் தோற்று வெளியேறி, 1966இல் வாஷிங்டனில் வறுமை உரிமைச் செயல் மையம் என்று ஓர் அலுவலகத்தைத் திறந்தார். அந்தக் கோடையில் ஒஹையோ மாநிலத்தில் உதவிபெறும் தாய்மார்கள் கிளீவ்லாந்திலிருந்து கொலம்பஸ் வரை 155 மைல் நடந்தார்கள். அவர்கள் கொலம்பஸ் போய்ச் சேர்ந்த ஜூன் 30 அன்றே வேறு பல நகரங்களிலும் ஆர்ப்பாட்டம் நடக்கும்படி ஒருங்கிணைத்தவர் வைலி. அந்த நாளைத்தான் இயக்கத்தின் பிறந்த நாள் என்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜானி டில்மன் 1926இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்காட் என்ற ஊரில், வாரத்துக்குப் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து லாண்டரியில் வேலை, அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. ஆறு பிள்ளைகள். 1963இல் நோய்வாய்ப்பட்டபோது நலவுதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அவருக்கே தயக்கமிருந்தது, உதவி வாங்குகிறவர்களைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் அவரும் கேட்டிருந்தார். வாங்கத் தொடங்கியபின்தான் கேஸ்வொர்க்கர் வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பது, செலவுக்குக் கணக்குக் கேட்பது எல்லாம் அனுபவமாயிற்று. அதே ஆண்டில், தான் குடியிருந்த வாட்ஸ் பகுதி அரசுக் குடியிருப்பில், அநாமதேயத் தாய்மார்கள் என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கிவிட்டார். வைலி அலுவலகம் திறப்பதற்கு மூன்றாண்டு முன்பு. ஆக, இணைப்புக் கம்பி வைலி போட்டதுதான், மறுப்பதற்கில்லை. மின்சாரம் அதற்கு முன்பே இருந்தது.

1967 ஆகஸ்டில் கூடிய மாநாடு டில்மனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வைலி செயல் இயக்குநர். அமைப்பு விதிகளின்படி ஓட்டு உறுப்பினருக்குத்தான், உறுப்பினர் ஏழைகள்தான், சம்பள ஊழியருக்கு ஓட்டு கிடையாது. சந்தா ஆண்டுக்கு ஒரு டாலர். உச்சக்கட்டமான 1969 வாக்கில் சந்தா செலுத்தியவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், அவர்களோடு வெள்ளையினப் பெண்களும் ஸ்பானிய மொழி பேசும் பெண்களும்.

அவர்கள் செய்த வேலைகளில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு வாசிப்பு வேலை. நலத்துறைக்கென்று தடித்தடியான விதிக் கையேடுகள் உண்டு. உதவி பெறுகிறவர் கண்ணில் அவை படுவதில்லை. கேஸ்வொர்க்கர் சொல்வதே விதி. இந்தப் பெண்கள் எப்படியோ கையேடுகளைக் கைப்பற்றினார்கள். வரிவரியாகப் படித்தார்கள். குளிர்காலக் கோட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி உடை, கட்டில், மேசை, போர்வை இவற்றுக்கெல்லாம் தனி மானியம் தரலாம் என்று விதியிலேயே எழுதியிருந்தது, கேட்காதவருக்குத் தரப்படவில்லை, அவ்வளவுதான். படித்ததை எளிய நடையில் சிறு கையேடாக எழுதி, சரிபார்க்கும் படிவத்தோடு அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தார்கள். தமிழ் முதுகலை வகுப்பில் நன்னூலுக்கு எத்தனை உரை என்று மனப்பாடம் செய்த எனக்கு, இவர்களை உரையாசிரியர்கள் என்று அழைக்கத் தயக்கமில்லை. மூலம் அதிகாரிகளுடையது. பதவுரை, கருத்துரை, எடுத்துக்காட்டு மூன்றும் தாய்மார்களுடையவை. நம் உரைமரபு பெரும்பாலும் மூலத்தை நிலைநிறுத்தவே பயன்பட்டது. இவர்களுடைய உரை மூலத்தைச் செலவுக்கணக்கில் திணறடித்தது. நியூயார்க் நகரில் பியூலா சாண்டர்ஸ் போன்றவர்கள் முன்னின்று நடத்திய இப்போராட்டத்தில் தனி மானியச் செலவு ஏறிக்கொண்டே போய், 1968இல் நிர்வாகம் அந்த முறையையே ஒழித்து எல்லோருக்கும் ஒரே அளவுத் தொகை என்று மாற்றிவிட்டது. அதோடு அங்கே அமைப்பின் வளர்ச்சியும் தடைப்பட்டது. கோட்டு கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள் கோட்டுக்கு வழியில்லை என்றதும் கூட்டத்துக்கு வரவில்லை. இதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நீதிமன்றத்திலும் இதே வாசிப்பு நடந்தது. எட்வர்ட் ஸ்பேரர் முதலிய வழக்கறிஞர்கள் அமைப்போடு நின்றார்கள். வீட்டுக்கு வந்துபோகும் ஆணைத் தகப்பனாகக் கருதி உதவியை நிறுத்திய அலபாமாவின் விதி 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. மாநிலத்தில் ஓராண்டு குடியிருந்தால்தான் உதவி என்ற விதி 1969இல் விழுந்தது. விசாரணை இல்லாமல் உதவியை நிறுத்தக்கூடாது என்று 1970இல் தீர்ப்பு வந்தது. இவற்றின் விளைவு சும்மா சொல்லக்கூடியதல்ல. 1960இல் முப்பது லட்சம் அளவில் இருந்த பயனாளிகள் எண்ணிக்கை எழுபதுகளின் நடுவில் ஒரு கோடியைத் தாண்டியது.

சியர்ஸ் கதையையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்நாட்டின் மிகப்பெரிய சில்லறை வணிக நிறுவனம் அது. உதவி வாங்கும் பெண்களுக்கும் 150 டாலர்வரை கடன்கணக்குத் தர வேண்டும் என்று 1969இல் அமைப்பு கோரிக்கை வைத்தது, மறுத்தபோது புறக்கணிப்புப் போராட்டம் அறிவித்தது. கடன் கேட்டு ஒரு புரட்சியா என்று நம் தோழர்கள் சிரிப்பார்கள். நுகர்வுப் பண்பாட்டுக்குள் ஏழைகளை இழுத்துவிடும் சீர்திருத்தவாதம் என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம்தான். ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சியர்ஸில் கடன் கிடைக்காதவள் கடன் வாங்காமல் இருக்கவில்லை. தெருமுனைக் கடைக்காரனிடம் இருமடங்கு விலைக்குத் தவணையில் வாங்கினாள், தவணை தவறினால் கட்டில் திரும்பிப் போய்விடும். ஏழைக்குப் புதுக்கட்டில் எதற்கு என்ற கேள்வி முதலாளியிடமிருந்து வந்தாலும் புரட்சிக்காரரிடமிருந்து வந்தாலும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

இனி கோட்பாட்டுச் சண்டை. ரிச்சர்ட் கிளோவார்ட், பிரான்சிஸ் ஃபாக்ஸ் பிவன் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் 1966 மே மாதம் 'நேஷன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உதவி பெறத் தகுதியிருந்தும் பெறாதவர்கள் ஏராளம், அவர்கள் அத்தனை பேரும் விண்ணப்பித்தால் நிர்வாகமும் நகர நிதியும் தாங்காது, அந்த நெருக்கடி மத்திய அரசை எல்லோருக்கும் உத்தரவாத வருமானம் தரும் நிலைக்குத் தள்ளும் என்பது அவர்கள் வாதம். வைலி அதில் ஈர்க்கப்பட்டார். ஆனால் வழிமுறையில் பிரிந்தார். உறுப்பினர், கிளை, மாநாடு, தேர்தல் என்று நிலையான அமைப்பு வேண்டும் என்பது வைலியின் கட்சி. அமைப்புக் கட்டுவதில் சக்தியைச் செலவிடாதீர்கள், ஏழைகளின் ஒரே ஆயுதம் குழப்பம் விளைவிப்பது, அமைப்பு வந்தால் அதைக் காப்பாற்றும் கவலையும் வரும் என்பது மற்ற இருவர் கட்சி. 1977இல் வெளிவந்த தங்கள் நூலில், தேசிய நலவுரிமை அமைப்பின் வீழ்ச்சியைத் தங்கள் வாதத்துக்குச் சான்றாகவே அவர்கள் காட்டினார்கள்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. 1968 டிசம்பரில் நலவுரிமை அமைப்பு, தொழிலாளர் துறையிடமிருந்து நான்கு லட்சம் டாலருக்கும் மேலான ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றது. எதற்கு? 90–248 சட்டத்தின் கட்டாய வேலைத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கவும் தாய்மார்களுக்கு அதுபற்றி எடுத்துச்சொல்லவும். எந்தச் சட்டம் தெரியாது என்பதற்காகக் கிங்கைக் குடைந்தெடுத்தார்களோ, எந்தச் சட்டத்தை எதிர்த்து செனட் அறையில் உட்கார்ந்தார்களோ, அதே சட்டத்தின் பணம். கிளைகள் சிலவற்றிலிருந்தே எதிர்ப்பு வந்தது. வாஷிங்டன் அலுவலகத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு டாலர் சந்தா எத்தனை நாளைக்குக் காணும்? தேவாலயங்கள், அறக்கட்டளைகள், செல்வந்தர்கள் தந்த பணத்தில்தான் அமைப்பு நடந்தது, அந்தப் பணம் வைலியின் தொடர்புகள் வழியாகத்தான் வந்தது.

கொடுக்கிறவர் கையும் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கிளீவ்லாந்தில் கறுப்பின வாக்காளர்களைப் பதிவுசெய்யும் வேலைக்கு ஃபோர்டு அறக்கட்டளை 1967இல் பணம் கொடுத்தது. அந்த ஆண்டே அந்நகருக்குக் கார்ல் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பின மேயர் வந்தார். நாடாளுமன்றம் சும்மாயிருக்குமா? 1969 வரிச் சீர்திருத்தச் சட்டம், அறக்கட்டளைகள் சட்டமியற்றுவதில் செல்வாக்குச் செலுத்தச் செலவிடுவதைத் தடுத்து, வாக்காளர் பதிவுக்குக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. வறுமையை ஆராயலாம், ஏழைக்குச் சோறு போடலாம். வறுமையைச் செய்கிற சட்டத்தின் மேல் கைவைக்கப் பணம் கொடுத்தால் ஆபத்து.

ஆனால் பிவனும் கிளோவார்டும் விட்டுவிட்ட மறுபாதி உண்டு. அமைப்பு என்ற வடிவமே கெடுத்தது என்கிறார்கள். எந்த அமைப்பு? தாய்மார்கள் ஓட்டுப் போட்ட அமைப்பா, ஊழியர்கள் சம்பளம் வாங்கிய அமைப்பா? ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு இருந்தன. ஒன்றின் பேரேட்டில் உறுப்பினர் பெயர், மற்றதன் பேரேட்டில் கொடையாளர் பெயர். ஊழியர்களில் மேல்நிலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி படித்த ஆண்கள், அவர்களில் வெள்ளையர் அதிகம். 1969இல் கறுப்பின ஊழியர்களிடமிருந்தே இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. ஊழியர் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டுச் செயற்குழுவில் ஒப்புதல் வாங்குவது என்ற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு, அங்கும் இருந்தது. படித்தவர்கள் உதவட்டும், கற்றுக்கொடுக்கட்டும், பிறகு வழிவிடட்டும் என்பது டில்மனின் நிலை.

டில்மன் வெறும் அனுபவசாலி, வைலி சிந்தனையாளர் என்று ஒரு வேலைப் பிரிவினையை நாமாகச் செய்துகொள்ள வேண்டாம். 1972இல் 'மிஸ்' என்ற பெண்ணிய இதழில் வந்த டில்மனின் கட்டுரை, கோட்பாட்டு எழுத்து என்று சொல்லத்தக்கது. ஒரு புருஷனை விட்டுவிட்டு அரசாங்கம் என்ற புருஷனைக் கட்டிக்கொள்வதுதான் நலவுதவி, முந்தியவனையாவது விவாகரத்து செய்யலாம் என்ற ரீதியில் போகிறது அவர் வாதம். பிள்ளை வளர்ப்பதும் வீட்டைப் பார்ப்பதும் உண்மையான வேலை என்று அறிவித்து, அதற்கு வாழத் தகுந்த கூலி கொடுத்துவிட்டால் நலவுதவி என்ற பிரச்சினையே தீர்ந்துவிடும் என்கிறார். வெள்ளைக்காரி வீட்டுப் பிள்ளையைப் பார்த்தால் வேலை, தன் பிள்ளையைப் பார்த்தால் சோம்பேறித்தனம் என்று நூறு ஆண்டாகக் கேட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட கட்டுரை அது. வர்க்கம், இனம், பால் மூன்றும் அங்கே தனித்தனித் தலைப்புகளாக இல்லை. தமிழகத்தில் 2023இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்துக்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தபோது எனக்கு இக்கட்டுரைதான் ஞாபகம் வந்தது. பெயரில் உரிமை வந்தபின்னும் டீக்கடைப் பேச்சில் அது இலவசமாகவே இருப்பதையும் சொல்ல வேண்டும்.

நிக்சன் 1969 ஆகஸ்டில் குடும்ப உதவித் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,600 டாலர் உறுதி. நலவுரிமை அமைப்பு 5,500 கேட்டது, பிற்பாடு 6,500. திட்டத்தை ஒழிப்போம் என்று இறங்கியது. இங்கே எனக்கு அமைப்பின்மேல் விமர்சனம் உண்டு. மிஸிசிப்பி போன்ற தென்மாநிலங்கள் அப்போது கொடுத்துக்கொண்டிருந்ததைவிட 1,600 அதிகம். நியூயார்க் தாய்க்கு அது நஷ்டம். உறுப்பினர்களில் வடக்கு, மேற்கு நகரத்துப் பெண்களே மிகுதி என்பதால் அவர்கள் குரலே அமைப்பின் குரலாயிற்று. பாதிக்கப்பட்டவர் தலைமை என்று சொல்லும்போது எந்த ஊரில் பாதிக்கப்பட்டவர் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காக, இவர்களால்தான் திட்டம் தோற்றது என்று பழிபோடுவது அநியாயம். 1970இலும் 1972இலும் அதைச் செனட்டில் புதைத்ததில் பெரும்பங்கு லாங் போன்ற தென்மாநிலப் பழமைவாதிகளுடையது. ஏழைக்கு உறுதியான வருமானம் வந்துவிட்டால் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காதே என்பது அவர்கள் கவலை.

வைலி வேறொரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். நலவுதவி வாங்குகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பான்மை ஆக முடியாது, வேலை பார்த்தும் ஏழையாக இருக்கிற வெள்ளையர் உள்ளிட்ட அனைவரையும் சேர்க்க வேண்டும் என்றார். கணக்கு சரிதான். 1970இலேயே வேட் ராத்கே என்ற இளம் அமைப்பாளர் ஆர்கன்சாவுக்குப் போய் அந்த வழியில் ஏக்கார்ன் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார் (2010இல் அது கலைந்தது, அது தனிக்கதை). ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும்? இத்தனை நாள் உன் பெயரைச் சொல்லி நின்றோம், இப்போது ஆண்களைச் சேர்ப்போம், நீ கொஞ்சம் பின்னால் போ. கூட்டணியைப் பெண்கள் இயக்கத்தின் பக்கம் விரிக்க நினைத்தவர் டில்மன், வேலையற்ற ஆண்கள் பக்கம் விரிக்க நினைத்தவர் வைலி. 1972 டிசம்பரில் வைலி விலகுவதாக அறிவித்தார். பொருளாதார நீதி இயக்கம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். பெயரைக் கவனியுங்கள், நலவுரிமை போய்ப் பொருளாதார நீதி வந்துவிட்டது. 1973 ஆகஸ்டில் செசபீக் வளைகுடாவில் படகிலிருந்து விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 42.

செயல் இயக்குநர் பொறுப்பு டில்மனுக்கு வந்தது. கேட்ட அதிகாரம் கடைசியில் கைக்கு வந்தபோது கஜானா காலி. கொடையாளர்கள் வைலியை அறிந்தவர்கள், அவர் போனதும் பலர் கையை இறுக்கிக்கொண்டார்கள். நாட்டின் மனநிலையும் மாறியிருந்தது. 1975 மார்ச்சில் கதவு சாத்தப்பட்டது. ஆகவே தாய்மார்கள் தலைமை தோற்றது என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: பணத்தையும் ஓட்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு வருஷமாவது நடத்தியதுண்டா?

லாஸ் வேகாஸில் ஒரு பகுதி விடை இருக்கிறது. நெவாடா மாநிலம் 1971 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் உதவியை ஒரே வீச்சில் நிறுத்தியும் குறைத்தும் உத்தரவிட்டது. ரூபி டங்கன் என்ற, ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்து அடிபட்டு உதவிக்கு வந்த பெண்ணின் தலைமையில், தேசிய அமைப்பின் துணையோடு, மார்ச் 6 அன்று சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் வீதியில் ஊர்வலம் போயிற்று. சீசர்ஸ் பேலஸுக்குள்ளேயே புகுந்தார்கள், ஆட்டம் நின்றது. சூதாட்ட மேசையில் ஆட்டம் நிற்பது என்றால் அந்த ஊரில் அது மில் வேலைநிறுத்தம் மாதிரி. அந்த மாதமே மத்திய நீதிபதி ஒருவர் உதவியைத் திரும்பக் கொடுக்க உத்தரவிட்டார். அதோடு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. 1972இல் ஆபரேஷன் லைஃப் என்று தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கி, மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலை எடுத்து, மருத்துவமனை, நூலகம், குழந்தைகள் காப்பகம் என்று கறுப்பின மக்கள் வசித்த மேற்குப்பகுதியில் ஏறத்தாழ இருபதாண்டு நடத்தினார்கள். அரசுப் பணம் வாங்கித்தான் நடத்தினார்கள். காசோலையில் கையெழுத்திட்டவர்கள் தாய்மார்கள்.

இன்று அமெரிக்கப் பரிந்துபேசும் அமைப்புகளில் பொருளாதார நீதிக்கும் இனநீதிக்குமான இயக்குநர் என்ற பதவியே உண்டு. ஆள் தேவை விளம்பரத்தில் பட்டமும் இத்தனை ஆண்டு முன்அனுபவமும் கேட்கிறார்கள். சொந்த வாழ்வில் வறுமையை அறிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற வரியும் இப்போதெல்லாம் சேர்கிறது. தேர்ந்தெடுப்பது யார் என்ற வரி மட்டும் விளம்பரத்தில் வருவதில்லை.

டில்மன் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பி, நலவுதவி தொடர்பான உள்ளூர் வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். 1976 தேர்தலில் ரேகன் மேடைமேடையாகச் சொன்ன, கள்ளப்பெயர்களில் உதவி வாங்கிக் கொழுக்கும் சிகாகோ பெண்ணின் கதையைக் கேட்டுக்கொண்டுதான் அவரும் இருந்திருப்பார். 1995 நவம்பரில் இறந்தார். 1996 ஆகஸ்ட் 22 அன்று கிளிண்டன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 1935இல் தொடங்கிய பிள்ளைகளுக்கான உதவித் திட்டம் முடிவுக்கு வந்தது. மாநிலங்களுக்கு மொத்தத் தொகை, மத்திய நிதியில் ஒரு குடும்பத்துக்கு வாழ்நாளில் அறுபது மாதம் என்ற உச்சவரம்பு, கட்டாய வேலை. அதன் வழியாகத் திருத்தியெழுதப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 401ஆம் பிரிவில் இரண்டே உட்பிரிவுகள். முதலாவது திட்டத்தின் நோக்கங்களைச் சொல்கிறது. இரண்டாவதன் தலைப்பே, தனிநபர் எவருக்கும் உரிமை இல்லை என்பதுதான்.